மேல்மலை ஜீப்பின் முன் சீட்டு

இந்த வருடம் பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுப்பாடம் செய்வதற்காகக் கொடைக்கானல் போனேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. வீட்டுப்பாடம் என்றதும் நீங்கள் சிரித்தால் தவறில்லை, என் மனைவி வசந்தாவும் சிரித்தாள்.

முப்பது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருச்சியில் எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. தெருவிளக்கு பற்றிப் பேசக் கூட்டிய கூட்டம் யார் வாசலில் யார் கார் நிற்கிறது என்பதில் போய் முட்டும். அதை முடித்துவைக்க எனக்கு வாய் வராது. வகுப்பில் அறுபது பேர் முன்னால் பேசியவனுக்கு எட்டுப் பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சரி, இதையும் ஒரு பாடமாகப் படித்துப் பார்ப்போம் என்று தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். அரசு அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்பதுதான் பாடம். இரண்டாம் பருவத்தில் ஓர் அமைப்பை நேரில் பார்த்துப் பதினைந்து பக்கம் எழுதித் தர வேண்டும்.

கொடைக்கானலில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அதன் திட்ட அலுவலர் ஷீலா என்ற இளம்பெண், என்னுடைய பழைய மாணவர் ஒருவரின் மகள். மேல்மலையில் ஒரு சிற்றூருக்கு அறக்கட்டளை ஒரு ஜீப் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்றும், ஊர்ச் சங்கம் அதை ஓட்டுகிறது என்றும், நான் அதைப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று சங்கத்தலைவி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்கிற ஆள். ஷீலா வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரங்களில் ‘ஜீப் சீட் புக்கிங்’ என்று ஓர் எண் இருந்தது. ஒரு வாரம் முன்பே அந்த எண்ணுக்குப் பேசிவிட்டேன். ஒரு அம்மா எடுத்தார். வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் ஊருக்கு வந்துவிடுவேன், சனிக்கிழமை காலை ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு சீட் வேண்டும் என்றேன். “யாருக்கு?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். வயது கேட்டார், சொன்னேன். கூட யாரும் வருகிறார்களா என்று கேட்டார், இல்லை, தனியாகத்தான் என்றேன். “ஒத்தையாவா?” என்றார். பிறகு, “பாத்துப் பத்திரமா வாங்கய்யா” என்று வைத்துவிட்டார். மலைக்காரர்களுக்கு எவ்வளவு கனிவு என்று வசந்தாவிடம் சொன்னேன்.

இனி பயணம். திருச்சியில் காலை ஆறு மணிக்கு ரயில், திண்டுக்கல்லில் எட்டு மணிக்குள் இறங்கிவிட்டேன். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். எட்டே முக்காலுக்குக் கொடைக்கானல் பேருந்து கிடைத்தது. வத்தலக்குண்டில் பத்து நிமிடம் நிற்கும். இட்லி சாப்பிட நேரம் போதும், தோசைக்குப் போதாது. அதற்கப்புறம் மலைப்பாதை. டம்டம் பாறையில் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்காருங்கள், கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். பெருமாள்மலையில் காற்று மாறும், அங்கேயே ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டே காலுக்குக் கொடைக்கானல் நிலையத்தில் இறங்கினேன். திண்டுக்கல்லிலிருந்து தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் சொச்சம்.

ஷீலா நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் காத்திருந்தார். சாப்பாடு நூற்று இருபது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. சாப்பிடும்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அறக்கட்டளைக் கூட்டம். அந்த ஜீப்பை மேல்மலையிலிருந்து எடுத்துக் கீழ்மலையில் பாச்சலூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

ஜீப் தினமும் காலையில் பூண்டு மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வரும். அது சங்கத்தின் வருமானம். ஆனால் அறக்கட்டளை ஜீப் வாங்கிக் கொடுத்தது நோயாளிகளுக்காக. முன் சீட்டில் நோயாளி இலவசமாக வரலாம். இதைச் சீராக நடத்துவதற்காக, முதல் நாள் மாலைக்குள் ஓர் எண்ணுக்குப் போன் செய்து சீட் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். யாரும் சொல்லாத நாளில் அந்தச் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

“நாலு மாசமா போனே வரல அங்கிள்” என்றார் ஷீலா. “நீட் இல்லாத எடத்துல அசெட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கீழ்மலையில கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க வெளியாள், நியூட்ரலா பாப்பீங்க. நாளைக்கு மீட்டிங்ல ரெண்டு வார்த்தை பேசுங்க.”

கடைசி வாக்கியத்திலேயே நான் நின்றுவிட்டேன். அதனால் அதற்கு முன்னால் அவர் சொன்னதை நான் சரியாக யோசிக்கவில்லை. நோயாளிகளுக்கான அந்த எண்ணுக்குத்தான் நான் போன் செய்திருக்கிறேன் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கூட்டத்தில் என்ன பேசுவது என்ற பயத்திலேயே மேல்மலைப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

பேருந்து இரண்டரை மணிக்கு. அது தப்பினால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும், ஆகவே இரண்டுக்கே போய் நில்லுங்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பூம்பாறை வளைவில் அடுக்கடுக்கான வயல்கள் தெரியும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. நான் போனபோது பூண்டு பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் காயப்போட்டிருந்தார்கள். பேருந்துக்குள்ளும் பூண்டு வாசனைதான். இறங்கி ஒரு நாள் ஆன பிறகும் சட்டையில் இருந்தது.

நான் இறங்கிய இடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, தலையில் கம்பளித் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். சங்கத்தலைவி பாண்டியம்மாள். ஒன்றரை ஏக்கரில் பூண்டு போடுகிறவர். நான் கையை நீட்டும் முன்பே என் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஒத்தையாவே வந்துட்டீங்களேய்யா. மெதுவா நடங்க. மேடு. நின்னு நின்னு வரலாம், ஒண்ணும் அவசரமில்ல.”

வழியில் இரண்டு முறை என்னை ஒரு கல்லில் உட்காரவைத்தார். எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்லும்போது மறுத்துப் பழக்கமில்லை. அவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல், வெந்நீர் தயாராக இருந்தது. காபி கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே கஞ்சி வந்தது, சுட்ட பூண்டோடு. எதிரே அவருடைய கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள். எனக்கு இரண்டு கம்பளி, முழுக்க மூடிய அறை, தலைமாட்டில் சுக்குத் தண்ணீர். யாரும் என்னிடம் சத்தமாகப் பேசவில்லை.

“படிக்கிற புள்ள ஒண்ணு வருதுன்னு ஷீலாம்மா சொல்லுச்சு. ஒங்க பஸ்ல யாரும் வரலையா?” என்று பாண்டியம்மாள் கேட்டார்.

“நான்தாம்மா அந்த மாணவன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“சரிங்கய்யா. மொதல்ல கஞ்சியக் குடிங்க.”

என் மாணவர் அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் என் படம் இருந்ததால் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கவனிப்பு கொஞ்சமும் மாறவில்லை. இந்த வயதில், இந்த உடம்போடு படிக்க வேறு செய்கிறாரே என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ‘இந்த உடம்பு’ என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் மெலிந்த ஆள்தான். சங்கம் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஜீப் போய்விடுமோ என்ற பேச்சு வந்தபோது மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஜீப் வருவதற்கு முன்னால் அவசரத்துக்குப் பூண்டு லாரியை மறிக்க வேண்டும், லாரி இல்லாத நாளில் பொழுது விடியக் காத்திருக்க வேண்டும் என்றார். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வராதா என்று கேட்டேன். வரும், ஆனால் கீழே இருந்து ஏறி வந்து, மறுபடி இறங்க வேண்டும், ஒரு தூரத்துக்கு இரண்டு தூரம் என்றார்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப். இருட்டு. மேலே பூண்டு மூட்டைகள், பின்னால் எட்டுப் பேர். ஓட்டுநர் செல்வம் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்க சார். ஒங்களுக்குத்தான்.”

வயதுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். பாண்டியம்மாள் பின்னால் ஏறினார், அவரும் கூட்டத்துக்கு வருகிறார். செல்வம் மேட்டிலும் பள்ளத்திலும் மாட்டுவண்டி போல ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ, “ஏலே, வெரசாப் போப்பா, மண்டி தெறந்துரும்” என்றார். “பேசாம வாண்ணே, முன்னால ஆள் இருக்கு” என்றார் செல்வம்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு வளைவு. முன்விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பெண்கள். ஒரு வயதான அம்மா, கையில் ஒயர்க்கூடையும் பிளாஸ்கும். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிறைமாதமாக ஓர் இளம்பெண், ஆண்கள் போடும் ஸ்வெட்டரில். அவர் பெயர் கவிதா என்று பிறகு தெரிந்தது. கூட இருந்தவர் மாமியார். ஜீப் நின்றதும் மாமியார் முன் சீட்டைத்தான் பார்த்தார். அதில் நான் இருந்தேன்.

“ஆளு இருக்கா?” என்றார்.

செல்வம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதா வலி வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாமியார் ஒரு கணம் யோசித்து, “பாவம், அவருக்கு என்ன முடியலையோ. நாங்க பின்னால ஒடுங்கிக்கிறோம், எடம் விடுங்கப்பா” என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து உறைத்தது. கஞ்சி, கம்பளி, சுக்குத் தண்ணீர், நெற்றியில் வைத்த கை. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

“சார், ஒங்களால முடியுமா?” என்றார் செல்வம்.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா.”

“ஒண்ணும் இல்லையா? பெறகு என்னத்துக்கு சார் சீட்டுச் சொன்னீங்க?”

“சீட் புக்கிங்னு போட்டிருந்துது” என்றேன். வேறு என்ன சொல்வது?

கவிதாவை ஏற்றினோம். நான் பின்னால் ஒரு பூண்டு மூட்டை மேல் இடம்பிடித்தேன். மண்டிக்கு அவசரப்பட்டவர், “பரவாயில்லையே, நம்ம வண்டியில ஏறி ஒரு கிலோமீட்டர்லயே நோவு தீந்துருச்சே” என்றார். ஜீப்பே குலுங்கியது. பாண்டியம்மாள் தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “கோழிக்கொழம்ப ஒங்க கண்ணுல காட்டாமப் போயிட்டேனேய்யா” என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் கேட்டேன், கவிதா ஏன் நேற்றே போன் செய்து சீட் சொல்லவில்லை என்று. நாள் நெருங்கிவிட்டது தெரியும்தானே? பாண்டியம்மாள் என்னிடம் குனிந்து, முன் சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அப்படிச் சொல்லமாட்டோம்யா. நாளைக்கு எனக்கு முடியாமப் போகும், வண்டியில எடம் வையின்னு மனுசன் சொல்லுவானா? சொல்லி வெச்சா அது வந்து உக்காந்துக்கும். படிச்ச புள்ளைக சிரிக்குதுக. ஆனா வாய் வரமாட்டேங்குது.”

அதனால் யாரும் போன் செய்வதில்லை. முடியாதவர்கள் காலையில் பாதையோரம் வந்து நிற்பார்கள். செல்வம் கடைசி நிறுத்தமான பாலத்தடி வரைக்கும் முன் சீட்டைக் காலியாகவே ஓட்டி வருவார். அங்கேயும் யாரும் நிற்கவில்லை என்றால்தான் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் முன்னால் மாறுவார். விதி வருவதற்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்களா என்றேன். நிற்கிறார்கள் என்றார். இதை அறக்கட்டளையிடம் சொல்லவில்லையா?

“போன் வந்துச்சா, போன் வந்துச்சான்னுதான் கேட்டாக. வரலைன்னேன். ஏன்னு கேக்கல. கேட்டாலும் இதச் சொன்னா காட்டானுகன்னு நெனப்பாக.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நேத்துச் சாயங்காலம் ஷீலாம்மாகிட்ட, இந்த மாசம் ஒரு போன் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அந்த ஒரு போன் யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

எட்டு மணிக்குள் அரசு மருத்துவமனையில் கவிதாவைச் சேர்த்தோம். இன்னும் நேரம் இருக்கிறது என்று செவிலியர் சொன்னார். ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் டீயும் பன்னும் சாப்பிட்டேன், முப்பத்தைந்து ரூபாய். பாண்டியம்மாள் டீயை ஆறவிட்டே வைத்திருந்தார். நான் பேசப்போவதை ஒரு தாளில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். என் போனைக் கணக்கில் விட்டுவிடலாமா? ஒன்று என்பது பெரிய எண் இல்லை. ஆனால் பூஜ்யம் இல்லையே. நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பாண்டியம்மாள் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அறக்கட்டளை அலுவலகம் ஒரு மாடி அறை. ஏழு பேர். தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், என் வயதுதான் இருக்கும், நல்ல மனிதர். ஷீலா திரையில் படம் போட்டுச் சொன்னார். நான்கு மாதம், ஒரே ஒரு போன். ஆண், அறுபத்தொன்பது வயது.

“ஒருத்தருக்காக ஒரு ஜீப்பை அங்க நிறுத்தி வெக்கறது நியாயமா?” என்று தலைவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, சார் ஏதாவது சொல்கிறீர்களா என்றார்.

நான் எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. பாண்டியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தாளில் இருந்த எழுத்து எனக்கே தெரியவில்லை.

“அந்த ஒருத்தர் நான்தான். எனக்கு நோய் எதுவும் கெடையாது. தெரியாம புக் பண்ணிட்டேன். அதனால அது ஒண்ணு இல்ல, பூஜ்யம்.”

ஷீலா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் நின்றுவிட்டவனுக்கு உட்காரவும் தைரியம் வேண்டும். காலையில் கவிதா நின்ற இடத்தைச் சொன்னேன். அவரும் போன் செய்யவில்லை, உங்கள் கணக்கில் அவரும் இல்லை என்றேன். வேதியியலில், தவறான நிறங்காட்டியை ஊற்றினால் அமிலம் இருந்தும் நிறம் மாறாது, அதைப் பார்த்து அமிலமே இல்லை என்று எழுதிவிடக்கூடாது என்றேன். ஒரே ஒரு காலையில் பார்த்ததை வைத்து எனக்கும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் என் சுபாவம் அது.

தலைவர் பாண்டியம்மாளிடம் ஏன் போன் செய்வதில்லை என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜீப்பில் என்னிடம் சொன்னதையே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தலைவர் விடவில்லை. “நீங்க சொல்லவும் மாட்டீங்க. நாங்க எண்ணாம இருக்கவும் முடியாது. பணம் குடுக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?”

நியாயமான கேள்வி. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். போவதற்கு முன்னால் சொல்லமாட்டார்கள், சரி. எந்தக் கூட்டத்திலும் யாரையும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“ஏம்மா, போய்ட்டு வந்த பெறகு சொல்லுவீங்களா?”

பாண்டியம்மாள் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். “சொகமா வந்த பெறகு சொல்றதுக்கு என்னய்யா? அத சாமிக்கே போய்ச் சொல்றோமே.”

“சுகமா வராதவங்க?” என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

பாண்டியம்மாள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். “அதையும் சொல்லித்தான ஆகணும். அத நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

முடிவு இதுதான்: முன்பதிவு விதி நீங்குகிறது. முன் சீட்டில் யார் போனாலும், திரும்பி வந்த பிறகு பாண்டியம்மாள் அதே போனில் ஷீலாவுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த பூண்டு அறுவடை வரைக்கும் ஜீப் அங்கேயே இருக்கும், அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். ஷீலா என்னைக் கீழே வரை கொண்டுவந்து விட்டார். “நியூட்ரல்னு நெனச்சேன் அங்கிள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு மணிப் பேருந்தில் மலையிறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசை. பாதிதான் இருந்தது. பாச்சலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. அவர்களும் காலையில் எங்கேயோ பாதையோரம் நிற்பவர்கள்தான், அவர்களுக்காகப் பேச ஒரு கிழவன் தவறுதலாகக்கூடச் சீட்டுச் சொல்லவில்லை. இருக்கிற ஒரு ஜீப்பை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. வத்தலக்குண்டு வரும் வரைக்கும் அதை மனதில் புரட்டிப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. அறிக்கையில் இதையும் எழுதினேன். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு கிடைத்தது. பார்வையாளர் தான் பார்க்க வந்த அமைப்பில் தலையிடக்கூடாது என்று ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அவர் சொல்வதும் சரிதான்.

மேல்மலை போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பேருந்துக்குத் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பிப்ரவரியில் ஒரு ஸ்வெட்டர் போதாது. மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பூண்டு வாங்குவதானால் வழியில் விவசாயிகளிடமே வாங்குங்கள், மலைப்பூண்டு சிறிதாகவும் காரமாகவும் இருக்கும். ஊர் ஜீப்புகளில் வெளியாட்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள், எனக்கு எண்பது ரூபாய். ஆனால் முன் சீட்டு காலியாகத் தெரிந்தால் ஏறாதீர்கள். அழைத்தாலும் காரணம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பின்னால் மூட்டை மேல் வசதியாகத்தான் இருக்கிறது.

ஊர் வந்து மூன்று வாரம் கழித்து, எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தின் நடுவில் என் போன் அடித்தது. நான் ஒரு முறை சீட்டுச் சொன்ன அதே எண். கூட்டத்தில் கார் நிறுத்தும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் எல்லாரும் பேசாமல் இருங்கள் என்று சொன்னேன். ஆச்சரியம், இருந்தார்கள்.

கவிதாவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தாயிற்று என்றார் பாண்டியம்மாள். இதுவரை நான்கு பேரைப் பற்றி ஷீலாவுக்குச் சொல்லியாயிற்றாம். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“அது இருக்கட்டும். நீங்களும்தான முன் சீட்டுல வந்தீங்க, ஒரு கிலோமீட்டருன்னாலும். போய்ச் சேந்து இன்னும் ஒரு வார்த்த சொல்லலையே. இது நீங்க போட்ட சட்டமில்லையாய்யா?”

மன்னிப்புக் கேட்டேன். எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, முழு வாக்கியமாகச் சொன்னேன்: “நல்லபடியா வந்து சேந்துட்டேம்மா. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்ப அஞ்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.